பெயருக்கு டைரக்டர் என்று சட்டத்தில் ஒருவரும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரித்தானியாவில் கம்பனி டைரக்டர்கள் எல்லோரும் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்ற புதிய விதியைப் பற்றி அண்மையில் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தீர்கள். சிறு கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது இன்னொரு தலையிடி என்று அதில் இருந்தது. அந்த வரியோடு எனக்கு உடன்பாடில்லை. ஏனென்று சொல்ல என் சொந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் கல்யாணமாகி லண்டனுக்கு வந்து இரண்டாவது வருடம், கணவர் ஒரு நண்பரோடு சேர்ந்து ஓஃப் லைசென்ஸ் கடை, அதாவது மதுபானம் விற்கும் கடை ஒன்று எடுத்தார். ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசையில், என்னைக் கம்பனியின் டைரக்டராக்கக் கணக்காளர் கொடுத்துவிட்ட தாள்கள் வந்தன. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் அடையாளம் போட்டிருந்தது. "சும்மா பெயருக்குத்தான், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை தங்கச்சி" என்று அவர் போனில் சொன்னதும் நினைவிருக்கிறது. நான் போட்டேன். அப்போது என் கையில் ஆறு மாதக் குழந்தை, அந்தத் தாளை முழுதாக வாசிக்கக்கூடிய ஆங்கிலமும் என்னிடம் இல்லை.

ஆறு வருடம் கழித்துக் கடை முறிந்தது. பங்காளிகளுக்குள் சண்டை, கட்டாத வாட் வரி, மொத்த வியாபாரிகளுக்குக் கடன், கடைசியில் கம்பனியைக் கலைத்து முடிக்க லிக்விடேட்டர் வந்தார். அவர் அனுப்பிய நீண்ட கேள்விப் படிவம் என் பெயருக்கு வந்தது. நீங்கள் எப்போது கடைசியாகக் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தீர்கள், கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று எப்போது தெரிந்துகொண்டீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அப்புறம்தான் ஒருவர் எடுத்துக் காட்டினார், வருடாவருடம் போன கணக்குகளில் "டைரக்டர் அங்கீகரித்தார்" என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நான் ஒரு தடவைகூட அவற்றைக் கண்டதில்லை. டைரக்டராக இருக்க 2 வருடம் முதல் 15 வருடம் வரை தடை விதிக்கலாம் என்று சொன்னார்கள். எனக்குத் தடை வரவில்லை, ஆனால் அது முடிவாகத் தெரியவர ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்த ஒரு வருடம் தபால்காரரின் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

அதன் பிறகுதான் மாலை வகுப்புக்குப் போய்க் கணக்குப் படித்தேன். இப்போது கடைகள், உணவகங்கள், ஒன்றிரண்டு பெற்றோல் நிலையங்கள் என்று சிலருக்குக் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதிக் கொடுக்கிறேன். ஆகவே இது எனக்கு வெறும் செய்தி இல்லை.

2025 நவம்பர் 18 முதல் என்ன மாறியது என்றால், புதிதாகக் கம்பனி தொடங்குபவரும் புதிதாக டைரக்டர் ஆகிறவரும் முதலில் தாங்கள் யார் என்பதை உறுதிப்படுத்த வேண்டும். ஏற்கெனவே டைரக்டராக இருப்பவர்கள், அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தங்கள் கம்பனியின் விவரங்கள் சரி என்று வருடாவருடம் அனுப்பும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட் எப்போது வருகிறதோ அப்போது இதைச் செய்து காட்ட வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களுக்கும் இது உண்டு. 2023ஆம் ஆண்டின் பொருளாதாரக் குற்றங்கள், கம்பனி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வந்த விதி இது. அரசாங்கத்தின் வன் லொகின் என்ற இணையக் கணக்கு வழியாகச் செய்தால் காசு இல்லை. முடிந்ததும் 11 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தனிக் குறியீடு கிடைக்கும். அது ஆளுக்கு உரியது, கம்பனிக்கு உரியது அல்ல. மூன்று கம்பனியில் டைரக்டராக இருந்தாலும் ஒரே குறியீடுதான்.

இதற்கு முன்பு எப்படி இருந்தது தெரியுமா? கம்பனிகளைப் பதியும் அரச அலுவலகமான கம்பனிஸ் ஹவுஸ் கிட்டத்தட்ட வந்ததைப் பதிந்து வைக்கும் இடமாக மட்டும் இருந்தது. 2024 மே மாதம் வரை 12 பவுண்ட் கட்டினால் ஒன்லைனில் ஒரு கம்பனி. 2015க்குப் பிறகு டைரக்டர் ஆகப்போகிறவரின் கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை, இவர் சம்மதித்துவிட்டார் என்று கம்பனி சார்பில் சொன்னால் போதும் என்றாகிவிட்டது. எனக்காவது பென்சில் அடையாளம் போட்ட ஒரு தாள் வந்தது. எனக்குப் பின்னால் வந்த எத்தனையோ பெண்களுக்கு அதுகூட வரவில்லை. மனைவி பெயரில், அம்மா பெயரில், ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி பெயரில் கம்பனி இருக்கும், அவர்களுக்கே அது தெரியாது. வீட்டுக்குக் கடிதம் வந்தால்தானே தெரியும்? கடிதம் போவதோ பதிவு செய்த முகவரிக்கு, அது கடையாக இருக்கும் அல்லது கணக்காளரின் அலுவலகமாக இருக்கும். மின்னஞ்சலும் அப்படித்தான்.

இப்போது முதல்முறையாக அந்தப் பெண்ணின் முகம் தேவைப்படுகிறது. அவருடைய பாஸ்போர்ட், அவருடைய போன். அவர் குந்தியிருந்து தன் முகத்தைத் தானே காட்ட வேண்டும். "இது எதற்கு?" என்று கேட்க அவருக்குக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பம் இதுதான். இதைப் போய்த் தலையிடி என்று எழுதிவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் நான் பார்ப்பது என்னவென்றால், அந்தச் சந்தர்ப்பத்தையும் நம் வீடுகளில் வீணாக்குகிறார்கள். மகன் அம்மாவின் போனை வாங்கி, "அம்மா இங்கே பாருங்கோ, கண்ணைச் சிமிட்டாதேங்கோ" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறான். கிடைத்த குறியீட்டைப் படம் பிடித்துக் கணக்காளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அம்மாவுக்கு அது பஸ் பாஸ் மாதிரி ஏதோ ஒன்று. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். அந்தக் குறியீடு பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டிய ஒன்று. கணக்காளருக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், எந்தக் கம்பனிக்கு, எந்த வேலைக்கு என்று கேட்டுவிட்டு அந்தப் பெண்ணே கொடுக்கட்டும்.

தூங்கும் டைரக்டர், பெயருக்கு டைரக்டர் என்று நாம் பேசிக்கொள்கிறோம். 2006ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. கடையில் காலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கும் கணவருக்கு என்ன கடமையோ அதே கடமைதான் வீட்டில் இருக்கும் மனைவிக்கும். அதே சட்டம் அவருக்கு ஓர் உரிமையையும் கொடுக்கிறது, கம்பனியின் கணக்குப் புத்தகங்களை எந்த நேரத்திலும் பார்க்கக் கேட்கலாம். எனக்கு அந்த ஆறு வருடமும் இது தெரியாது. தெரிந்திருந்தால் வாட் கட்டவில்லை என்பதை முதல் வருடத்திலேயே பிடித்திருப்பேன்.

இப்போது அந்தப் பெயரோடு என்னென்ன வந்து சேருகிறது என்று பாருங்கள். வேலை செய்ய அனுமதி இல்லாத ஒருவரை வைத்திருந்து பிடிபட்டால், 2024 பெப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை ஒரு ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை தண்டம், திரும்பவும் நடந்தால் 60,000 வரை. முன்பு ஆளுக்கு 15,000தான் முதல் தடவை. தண்டம் கம்பனிக்கு வருகிறது என்றாலும், கட்டாமல் கம்பனியை மூடிவிட்டுப் போனால் டைரக்டர்கள் மேல் விசாரணை வருகிறது. கம்பனியைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற பழைய வழியும் 2021இல் வந்த சட்டத்தோடு அடைபட்டுவிட்டது, மூடிய கம்பனியின் டைரக்டரையும் இப்போது விசாரிக்கலாம். கொரோனா காலத்தில் அரசாங்க உத்தரவாதத்தோடு கிடைத்த பவுன்ஸ் பேக் கடன் எடுத்த கம்பனிகளில் இது நன்றாகத் தெரிந்தது. கடன் எடுத்தவர் ஒருவர், பதில் சொல்ல வந்தவர் இன்னொருவர்.

சரி, செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்களின் கஷ்டம் உண்மையானது. 2025 ஏப்ரலில், வேலையாளின் சம்பளத்தின் மேல் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அதைவிட அடித்தது, வருடச் சம்பளம் 9,100 பவுண்டுக்கு மேல் என்றிருந்த எல்லையை 5,000க்கு இறக்கியது. வருடம் 9,000 பவுண்ட் வாங்கும், 21 வயது தாண்டிய பகுதிநேரப் பிள்ளை ஒருவருக்கு முன்பு முதலாளி ஒன்றும் கட்டத் தேவையில்லை, இப்போது 600 பவுண்ட். ஆனால் இந்தக் கட்டணத்தில் வருடத்துக்குக் குறைத்துக்கொள்ளக்கூடிய, சிறு முதலாளிகளுக்கான கழிவை 5,000த்திலிருந்து 10,500 பவுண்டாகக் கூட்டியும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கடைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். அதைக் கேட்டு வாங்க வேண்டும், சம்பள மென்பொருளில் ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் வந்த ஒரு கடைக்காரர் அதைக் கேட்காமலேயே மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிக்கொண்டிருந்தார். அதே நேரம், கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று இரண்டு கம்பனி வைத்து இரண்டுக்கும் கழிவு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனம். ஒன்றோடொன்று தொடர்புள்ள கம்பனிகள் என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கழிவுதான். அங்கேயும் கடைசியில் மாட்டுவது மனைவியின் பெயர்.

குறைந்தபட்சச் சம்பளம் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2026 ஏப்ரலில் மணிக்கு 12.21இலிருந்து 12.71 பவுண்ட். அதே மாதத்திலிருந்து சுகயீனப் பணம் மூன்று நாள் காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே. முன்பு வாரச் சம்பளம் ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால் சுகயீனப் பணமே கிடையாது, அந்த எல்லையையும் எடுத்துவிட்டார்கள். கொஞ்ச மணித்தியாலம் மட்டும் வேலை செய்யும் நம் பெண்களுக்கு, மாணவர்களுக்கு இது நல்லது, நான் அதை எதிர்க்க மாட்டேன். ஆனால் கடைக்காரர் பட்டியல் எழுதி வைக்க வேண்டும், யார் எப்போது வந்தார், எப்போது லீவு எடுத்தார் என்று. இதையெல்லாம் பார்க்க ஃபேர் வொர்க் ஏஜென்சி என்று தனி அமைப்பையும் கொண்டு வந்திருக்கிறார்கள். "அவன் நம்ம பெடியன், கணக்கெல்லாம் எதற்கு" என்பது இனிச் சரிவராது.

வதந்திகளும் கொஞ்சமில்லை. முதல் நாளிலிருந்தே ஒருவரையும் நிறுத்த முடியாது என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. நியாயமில்லாமல் நிறுத்துவதற்கு எதிரான உரிமை முதல் நாளிலிருந்தே என்று லேபர் கட்சி தேர்தலில் சொன்னது, ஆனால் 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலை உரிமைச் சட்டத்தில் அந்த உரிமை வர ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 2027 ஜனவரி 1 முதல். அதற்கு முன் அது இரண்டு வருடம். அதேபோல், மோசடியைத் தடுக்கத் தவறினால் கம்பனியே குற்றவாளி என்று 2025 செப்டம்பரில் வந்த விதி, 250 பேருக்கு மேல் வேலை செய்பவர்கள், 3 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு மேல் வியாபாரம், 1 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு மேல் சொத்து, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு உள்ள பெரிய நிறுவனங்களுக்கு. நம் மூலைக் கடைக்கு அது இல்லை. அதைச் சொல்லிப் பயமுறுத்தி ஆலோசனைக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

உணவகம் வைத்திருப்பவர்களின் கோபம் மட்டும் எனக்கு முழுதாகப் புரிகிறது. 2025 ஜூலை 22 முதல் சமையல்காரரை வெளிநாட்டிலிருந்து ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் புதிதாகக் கூப்பிட முடியாது, பட்டப்படிப்புத் தர வேலைகளுக்குத்தான் பொதுவாக வழி. நம் சமையலை இங்கே எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? இந்த விஷயத்தில் அரசாங்கம் யாரையும் கேட்காமல் செய்தது என்றே நினைக்கிறேன்.

அரசாங்கத்தின் மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அடையாளம் உறுதிப்படுத்தும் வேலையை வயதானவர்கள் தாங்களே செய்வது லேசில்லை. ஸ்மார்ட் போன் பழக்கமில்லாதவர்கள் போஸ்ட் ஆபீசுக்குப் போய்ச் செய்ய வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கும் முதலில் இணையத்தில் விவரம் நிரப்ப வேண்டும். பதிவு பெற்ற கணக்காளர் வழியாகவும் செய்யலாம், அவர் கட்டணம் எடுப்பார். டைரக்டர் என்றால் என்ன பொறுப்பு என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் எத்தனை அம்மாமார் அன்றைக்கே ராஜினாமா செய்திருப்பார்கள், அல்லது கணக்கைக் கொண்டுவா என்று கேட்டிருப்பார்கள்.

அதனால் ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு பக்கத்தை நீங்கள் போடுங்கள். வர்த்தகப் பக்கத்தில் போடாதீர்கள், அதைக் கடைக்காரர்கள்தான் வாசிப்பார்கள். கோயில் திருவிழா அறிவித்தல்கள் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள். கம்பனிஸ் ஹவுஸ் இணையத்தில் உங்கள் பெயரைத் தட்டிப் பார்க்கக் காசு தேவையில்லை, எந்தெந்தக் கம்பனியில் டைரக்டராக இருக்கிறீர்கள் என்று அங்கே வந்துவிடும், என்ற வரி அதில் முதலாவதாக இருக்கட்டும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்