பாட்டு நம்பர் மட்டும் சொன்னால் போதுமா? கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு மடல்

மதுரைச் சபைகளின் ஆயர்களுக்கும் பாஸ்டரேட் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

ஸ்டார் கட்டுவது, குடில் போடுவது, கேக் ஆர்டர் எல்லாம் நவம்பர் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுகிறோம். புதிதாக வருகிறவரை எங்கே உட்கார வைப்பது என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. 25 அதிகாலை ஆராதனைக்கு வேலை மாற்றலாகி வந்த குடும்பம் வரும், ஹாஸ்டல் பிள்ளைகள் வருவார்கள், குடில் பார்க்க அடுத்த தெரு இந்துக் குடும்பமும் வரும். இவர்களைத் தயங்க வைப்பது பிரசங்கம் அல்ல, அதற்கு முந்திய சில்லறைக் காரியங்கள்.

செருப்பைக் கழற்றுவதா, போட்டுக்கொண்டே போவதா? கோயிலுக்குக் கோயில் வழக்கம் வேறு. வாசலில் ஒரு போர்டு வைத்தால் தீர்ந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று இருந்தால் அதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பாட்டுதான் பெரிய சிக்கல். பாமாலை, கீர்த்தனை என்று நம்பரைச் சொன்னதும் சபையார் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். புத்தகம் இல்லாதவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். திரை இருந்தாலும் வெளியே பந்தலில் நிற்பவருக்குத் தெரியாது. ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நாலு பக்கம். மூன்றில் அன்றைய பாடல் வரிகளை அச்சிடுங்கள். நாலாவதில் எப்போது எழுந்து நிற்பது, காணிக்கைப் பையை ஒன்றும் போடாமலே அடுத்தவரிடம் தரலாம் என்பதெல்லாம் இருக்கட்டும். 100 தாள் போதும், செலவு ஒரு சீரியல் பல்ப் சரத்துக்கு மேல் வராது.

கடைசி மூன்று வரிசையைக் காலியாக வையுங்கள். பிந்தி வருகிற புதியவருக்குப் பின்னால்தான் தைரியம். அங்கே நம் ஆட்கள் முந்திக்கொண்டால் அவர் எல்லார் கண்ணிலும் பட்டு முன்னுக்கு நடக்கவேண்டும். பக்கவாட்டுக் கதவோர இடமாகப் பார்த்துக் கொடுங்கள். திருவிருந்துக்கு, அதாவது அப்பமும் ரசமும் பெறுகிற பந்திக்கு, வரிசை எழும்பும்போது அவர் முழங்காலைத் தாண்டி யாரும் போகவேண்டியிராது, பின்னாலிருப்பவர் எழுப்பிவிட்டாரே என்று விவரம் தெரியாமல் அவரும் பந்திக்குப் போய் நிற்கமாட்டார். யார் பங்குபெறலாம், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே ஜெபிக்கலாம் என்று ஆயர் பந்திக்கு முன்பே ஒரு நிமிடம் சொல்லிவிடவேண்டும்.

“முதல் தடவை வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கைதட்டுகிற நமக்கு அது அன்பு, நிற்கிறவருக்குக் கூச்சம். அன்றைக்கே போன் நம்பர் எழுதி வாங்குவதும் வேண்டாம். எதற்கென்று சந்தேகம்தான் வரும். வாசலுக்கு இரண்டு பேர், ஒருவர் பெண்ணாக, அரைமணி நேரம் முன்பே நிற்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் ஞாயிறுகள் நாலு இருக்கின்றன, பழக அது போதும்.

வீடு வீடாகப் பாடிப் போகிற கீத பவனியில் சபையார் வீட்டு வாசலில் மட்டும் பாடிவிட்டு, நடுவில் இருக்கிற மற்றவர் வீட்டைத் தாண்டிப் போகிறோம். அங்கேயும் ஒரு சரணம் பாடுங்கள், உண்டியலை மட்டும் நீட்டாதீர்கள். இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. தொட்டில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு 9 மணியே அதிகம்.

கேக் டோக்கனைச் சபையாரின் சந்தாப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பதால் டோக்கன் இல்லாதவர் வரிசையைப் பார்த்ததுமே நழுவிவிடுகிறார். கிலோவுக்கு 50 கிராம் வீதம் 20 துண்டு. இரண்டு கிலோ கூடுதலாகச் சொல்லுங்கள், அந்த 40 துண்டும் ஹாலுக்குப் போகாமல் கேட் பக்கம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசல் பணி செய்வோர்