மாத்திரையை நிறுத்தினால் என்ன வரும் என்று சொல்லி அனுப்புங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மன அழுத்தத்துக்கு மருந்து எழுதும் மருத்துவர்களுக்கும், அதை எடுத்துக் கொடுக்கும் மருந்தகத்தாருக்கும்,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி விசைப்படகில் வேலை பார்ப்பவன். பராக்ஸெடின் என்ற மன அழுத்த மாத்திரை சாப்பிட்டு நன்றாகத் தேறி வந்தான். ஒரு தடவை மருந்தகத்தில் "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளில், வலை இழுத்துக்கொண்டிருந்தவனுக்குத் தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினாலே மண்டைக்குள் ஷாக் அடித்தது. கூட நின்றவர்கள் பிடித்திருக்காவிட்டால் கடலில் விழுந்திருப்பான். கரைக்கு வந்தும் தூக்கமில்லை, குமட்டல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள் வீட்டில். பழைய நோய் திரும்பிவிட்டது என்றார்கள் பார்த்த இடத்தில். மாத்திரை மறுபடி கிடைத்ததும் ஓரிரு நாளில் எல்லாம் அடங்கிவிட்டது.

நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரக்கணக்கில், மெல்ல வரும். மருந்து திடீரென நின்றதால் வரும் இந்தத் தொல்லை சில நாளிலேயே வந்து உடம்பை ஆட்டும். பராக்ஸெடின், வென்லாஃபாக்சின் போன்றவை உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால் அவற்றில் அதிகம், ஃப்ளூவாக்ஸெடினில் குறைவு. ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் வரலாம். எல்லோருக்கும் வராது. ஆனால் சிலருக்குக் கடுமையாகவும் நெடுநாளும் இருக்கும் என்று பிரிட்டனின் மனநல மருத்துவர் அமைப்பே 2019இல் ஒப்புக்கொண்டது.

இந்த மருந்துகள் மேல் எனக்குக் கோபமில்லை. தம்பியை மீட்டதே அவைதான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

சீட்டு எழுதும்போதே "திடீரென நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் இன்னின்னது வரும்" என்று தமிழில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள். ஸ்டாக் இல்லையென்றால் எழுதிய மருத்துவருக்கு ஒரு போன் போட்டு வழி கேளுங்கள், வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் சீட்டிலேயே குறித்துக் கொடுங்கள்.

அப்புறம், நிறுத்தும் காலம் வந்தால் படகுக்காரர்களுக்கென்று தனியாக யோசியுங்கள். அளவைப் பாதியாக்கினாலும் மூளையில் மருந்தின் பிடி பாதியாகக் குறைவதில்லை. கடைசிச் சிறு அளவிலிருந்து ஒன்றுமில்லாமல் ஆக்கும்போதுதான் பெரிய இறக்கம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்தக் கடைசிப் படிகள் தடைக்காலத்தில் விழும்படி, மாதங்களுக்கு முன்பே குறைக்கத் தொடங்கலாமே. வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் கவலையும் கூடும். அதையும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து அக்கா ஒருத்தி