எந்த மிளகாய் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு பதிப்பின் சமையல் பக்கத்தில் மிளகாய்க் கோழி வறுவலுக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. படத்தில் கோழி செக்கச்செவேலென்று இருந்ததைப் பார்த்ததும் என் மகளுக்கு ஆசை வந்துவிட்டது. ‘காய்ந்த மிளகாய் 20’ என்று போட்டிருந்தீர்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவளும் வீட்டில் இருந்த மிளகாயில் 20 எண்ணி எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சமைத்தாள். அன்றைக்குப் பேரனுக்குப் பிறந்தநாள், சம்பந்தி வீட்டாரையும் சேர்த்துப் பதினைந்து பேர். முதல் வாய் வைத்ததுமே பேரன் அலற ஆரம்பித்தான், பெரியவர்கள் கண்ணில் நீர் வழிய ஐஸ் தண்ணீரைத் தேடினார்கள். மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, பால் அல்லது தயிர்தான் அதற்கு மருந்து என்று சொல்லி நான் தயிர் டப்பாவை எடுத்து வைத்தேன், ஐந்து நிமிடத்தில் காலி. கோழி அப்படியே கிடந்தது, மகள் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

மிளகாய் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். நீளமாக, வழவழவென்று, கெட்டித் தோலோடு இருந்தது. குண்டூர் சன்னம், ஆந்திராவின் கார மிளகாய். அந்தக் குறிப்பை எழுதியவர் நிச்சயமாக பியாடகி மிளகாயை நினைத்துத்தான் 20 என்று எழுதியிருப்பார், ஏனென்றால் அந்த நிறம் அதில்தான் வரும், 20 போட்டாலும் நாக்கு தாங்கும். பியாடகி கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்தில் உள்ள ஊர். அந்த மிளகாயைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும், கசக்கிப் போட்ட துணி மாதிரி தோல் முழுக்கச் சுருக்கம், கருஞ்சிவப்பு, காரம் குறைவு, ஊறவைத்த தண்ணீரே சிவந்துபோகும். அதிலும் ‘டப்பி’, ‘கட்டி’ என்று இரண்டு ரகம் உண்டு, டப்பி குட்டையாகப் பருத்திருக்கும், நிறத்துக்கென்றே வாங்குவார்கள், ‘கட்டி’ ரகம் ஒல்லியாக நீண்டு காரம் கொஞ்சம் கூட இருக்கும். 2011இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. காஷ்மீரி மிளகாய் என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதுவும் நிறத்துக்கானதுதான், ஆனால் அந்தப் பெயரில் வருவது பல நேரம் பியாடகிதான், காஷ்மீரைப் பார்க்காத மிளகாய்.

குண்டூர் வேறு சாதி. ஆந்திராக்காரர்கள் ஊறுகாயும் பொடியும் அதை வைத்துத்தான் செய்கிறார்கள். காரத்தை அளக்க ஸ்கோவில் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் சன்னம் 35,000 முதல் 40,000 வரை போகும் என்கிறார்கள், காஷ்மீரி ஓரிரண்டாயிரத்தில் நின்றுவிடும். தேஜா என்று இன்னொரு ரகமும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அது சன்னத்தையும் மிஞ்சும். இத்தனை வித்தியாசம் இருக்கும்போது வெறுமனே ‘காய்ந்த மிளகாய் 20’ என்று எழுதினால் சமைக்கிறவர் என்ன செய்வார், சொல்லுங்கள்!

அப்புறம் நம் குண்டு மிளகாய். என் அம்மா ராமநாதபுரம் பக்கம், கமுதி. அங்கே கரிசல் மண்ணில் மழையை நம்பி விளைகிற மிளகாய், உருண்டையாக, கெட்டித் தோலோடு இருக்கும், காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். 2023இல் ராமநாதபுரம் முண்டு என்ற பெயரில் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, அன்றைக்கு அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். தாளிக்க அதைத்தான் போடுவார். எண்ணெயில் உப்பி, தோல் சீக்கிரம் கருகாமல், குழம்பு முழுக்க மணம் இறங்கும். நீட்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டால் விதை கொட்டிக் கருகி ஒரு கசப்பு வரும், அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது.

போன மாதம் இங்கே பினாங்கில், லெபோ பாசார் தெருவில் ஒரு மளிகைக் கடையில் குண்டு மிளகாய் அரைக் கிலோ கேட்டேன். கடைத் தம்பி உள்ளே போய் குண்டூர் மிளகாயைக் கட்டிக்கொண்டு வந்தார். குண்டு வேறு, குண்டூர் வேறு தம்பி என்றேன், எல்லாம் இந்தியா மிளகாய்தானே அக்கா என்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? கடை வாசலில் வரிசையாக நாலு சாக்கு, நாலிலும் விலை மட்டும் எழுதி அட்டை குத்தியிருக்கிறது, பெயர் ஒன்றில்கூட இல்லை. சீனாவிலிருந்து வந்தது எது, இந்தியாவிலிருந்து வந்தது எது என்பதே எனக்குத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது.

பச்சையாக வாங்கும்போது நாம் இப்படியா இருக்கிறோம்? ஜெலுத்தோங் சந்தையில் காய் விற்கிற மலாய்க்கார மக்சிக்கிடம் (அம்மாவிடம்) போய் சும்மா சிலி, அதாவது மிளகாய், என்று கேட்டுப் பாருங்கள், எந்த சிலி என்று திருப்பிக் கேட்பார். சிலி பாடியா, கெரிந்திங்கா, கூலாயா? சம்பாலுக்கு ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று அவருக்குக் கணக்கு இருக்கிறது, நமக்கும் அது பழகிவிட்டது. காய்ந்த மிளகாய்க்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம் என்று எனக்கு உண்மையாகவே வருத்தம். இதனால் இன்னொன்றும் நடக்கிறது. எந்த மிளகாயில் நிறம் வரும் என்று தெரியாதவர்கள் கைக்குக் கிடைத்த மிளகாயைப் போட்டுவிட்டு, நிறம் போதவில்லை என்று சிவப்புக் கலர் பொடியைத் தூவுகிறார்கள். விருந்துச் சமையலில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுத்துப் பியாடகி வாங்கினால் அந்தக் கலர் பொடிக்கு வேலையே இல்லை.

சிலர் விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடும் என்று சொல்கிறார்கள், முழுக்கச் சரியில்லை. காரம் அதிகம் இருப்பது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெளுத்த நரம்பில். கத்தரிக்கோலால் கீறி அந்த நரம்பையும் சேர்த்து வழித்துப் போட்டால்தான் சன்னம் கொஞ்சம் அடங்கும், அப்போதும் பியாடகி நிறம் வராது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். சமையல் பக்கத்தில் எண்ணிக்கையோடு ரகத்தையும் போடுங்கள். ‘பியாடகி 15, குண்டூர் 4’ என்று எழுத அரை வரிகூட ஆகாது. குண்டு கிடைக்காத ஊரில் எதைப் போடலாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் நல்லது, கெடாவில் தோட்டப்புறத்தில் இருக்கிற என் தங்கச்சி போன்றவர்களுக்கு இங்கே கிடைக்கிற நாலு சாக்குகூடக் கிடையாது. மளிகைக் கடைக்காரர்களும் உங்கள் பத்திரிகை படிக்கிறார்கள், விலை அட்டையிலேயே ஒரு மார்க்கர் பேனாவால் ரகத்தையும் எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் அவர்கள் எழுதி வைக்க வேண்டும்.

அந்தக் கோழி வறுவல் குறிப்பை மகள் இன்னும் கிழித்துப் போடவில்லை, ஃபிரிட்ஜில்தான் ஒட்டியிருக்கிறது. அதை எழுதியவரிடம் எந்த மிளகாய் என்று கேட்டு அடுத்த ஞாயிறு வெளியிட்டீர்கள் என்றால், பேனாவால் பக்கத்தில் எழுதிவிட்டு மறுபடி சமைக்கிறேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு.