அலை வருவதற்கு முன்பே ஓடிப் பழக வேண்டும்

கடலோரங்களில் பேரிடர் மேலாண்மைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எச்சரிக்கையை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸைத் தாக்கும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. 'ஸ்டார்ம் சர்ஜ்', அதாவது புயல் கரைக்குள் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர்ப் பெருக்கு, வரும் என்றார்கள். டாக்ளோபான் நகரத்தில் பலருக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. வழக்கமான காற்று மழைதானே என்று வீட்டிலேயே இருந்தவர்கள் ஏராளம். கடல் ஊருக்குள் புகுந்தது. அந்தச் சூறாவளிக்கு 6,000 பேருக்கு மேல் பலியானார்கள். சுனாமி மாதிரி அலை வரும் என்று சொல்லியிருந்தால் கிளம்பியிருப்போம் என்று தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள்.

இந்தோனேசியாவின் சிமலுவே தீவில் நடந்தது வேறு. 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்தது. அதில் பிழைத்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் நின்று வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சைரன் எதுவும் ஒலிக்கவில்லை. சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. ஆனாலும் ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான்.

அதனால், அறிவிப்பை எங்கள் பேச்சில் சொல்லுங்கள். காற்றின் வேகத்தை மட்டும் சொன்னால் போதாது. தண்ணீர் எந்தத் தெரு வரை வரும், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும், எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

அப்புறம், சொன்ன பிறகும் சிலர் ஏன் வருவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். படகையும் வலையையும் யார் பார்த்துக்கொள்வது? ஆடு மாடுகளை எங்கே கட்டுவது? முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் கிடைக்காதவரை கால் நகராது. இன்றைய வங்கதேசத்தில் 1970 புயல் குறைந்தது 3 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு அங்கே ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, கொடியும் மெகாபோனும் கொடுத்தார்கள். கால்நடைகளுக்கென மண்மேடுகளும் கட்டினார்கள். 2020இல் ஆம்பன் புயல் வந்தபோது 20 லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். தெரிந்த முகம் வந்து கதவைத் தட்டியதால் கிளம்பியவர்கள் அதில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

கடலுக்குள் இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். கரையிலிருந்து தொலைவு போனால் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது. செய்தி போய்ச் சேர வேறு வழி வேண்டும்.

கடைசியாக ஒத்திகை. பகல் வெளிச்சத்தில், பள்ளி மாணவர்களை வரிசையாக நடத்திப் படம் எடுப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது. அடுத்த ஒத்திகையை இரவில் வையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வையுங்கள். நடக்க முடியாத பாட்டியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு மேட்டை அடைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று எங்களோடு சேர்ந்து ஓடிப் பாருங்கள். அந்த எண்ணை ஊர் நடுவில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அன்புடன்,
கடலோரத்தில் வாழும் ஒருவர்