அம்மைக்குத் தெரியாமல் எழுதியது

மக்களே,

கிழக்கு வீட்டுப் பையன் வியாழக்கிழமை திருவனந்தபுரத்துல மஸ்கட்டுக்கு விமானம் ஏறுறான். அவன் கையில ஒனக்க அம்மை ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, நாரத்தங்காய் ஊறுகாய் எல்லாம் குடுத்து விடுறா. அடியில மருந்துக் கவருக்குள்ள இந்தக் கடுதாசி. பெட்டியை நீயே பிரி. போன்ல பேசலாம்தான், ஆனா நான் போனை எடுத்த உடனே ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவா. வாட்சாப்ல எழுதலாம்னா எனக்க போனைத் தினமும் தொடைச்சு வைக்கிறது அவ. தொடைக்கும்போது வாசிக்கவும் செய்வா.

இஞ்ச இடவப்பாதி மழை நல்லா பிடிச்சிருக்கு. ரப்பர் வெட்டு இல்லை. திற்பரப்பு அருவியில குளிக்க விடலை. கடையில இருமல் மருந்தும் காய்ச்சல் மாத்திரையும்தான் ஓடுது. அவ்வளவுதான் ஊர் விசேஷம்.

நீ அனுப்பின கர்ப்பப் பரிசோதனைக் கார்டு போட்டோவைப் பத்தி எழுதணும். "அப்பா, இது ஒரு கோடா, ரெண்டு கோடா?"ன்னு கேட்டே. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு கார்டு பாருன்னு பதில் போட்டேன். நீலக் குறி விழுந்துது. பிறகு நீ வாடகையைப் பத்திப் பேசுறே, கிரிக்கெட்டைப் பத்திப் பேசுறே, அதைப் பத்தி மட்டும் மூச்சு இல்லை. பத்தாம் கிளாஸ் ரிசல்ட்டையும் நீ இப்படித்தான் ஒளிச்சு வச்சே. நல்ல மார்க்குதான். இன்னும் கூடும்னு நெனச்சு ஒளிச்சே. செரி, நான் கேக்கமாட்டேன். மருந்துக்கடைக்காரனா எழுதுறேன், அப்படியே வாசி.

முதல்ல, அந்தப் போட்டோவை எப்போ எடுத்தீங்க? ட்யூப்லைட் வெளிச்சம். எனக்கு வந்து சேரும்போது இஞ்ச பாதி ராத்திரி ஆகப்போவுது, ஒங்களுக்கு ஒண்ணரை மணிக்கூர் குறைவு. காலையில பாத்த கார்டை ராத்திரி குப்பைக்கூடையில இருந்து எடுத்து மறுபடியும் பாத்தீங்களோ? பாத்திருப்பீங்க. எல்லாரும் பாக்காங்க. மறுநாள் கடைக்கே கொண்டு வந்து காட்டுற ஆளும் உண்டு. அப்படிப் பாக்கக் கூடாது மக்களே. 5 நிமிஷத்துல பாத்திரணும். கவர்ல போட்டிருக்கிற நேரம் கழிஞ்சா, 10 நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா, அது என்ன காட்டினாலும் கணக்கில்லை. மூத்திரம் காஞ்சு போகும்போது டின்னு எழுதின இடத்துல, அதாவது கர்ப்பக் கோடு விழுற இடத்துல, சாம்பல் நிறத்துல ஒரு வரை விழும். வெள்ளை வேட்டியில வெள்ளம் காஞ்ச தடம் மாதிரி, வரை இருக்கும், நிறம் இருக்காது. நேரத்துக்குள்ள பாத்து, மங்கலா இருந்தாலும் ரோஸ் நிறம் உண்டுன்னா அது கோடுதான். மங்கல்ங்கிறதால அரைக் கர்ப்பம்னு ஒண்ணு கிடையாது. ஒனக்க போட்டோவுல நிறத்தைப் பிரிச்சுப் பாக்க எனக்கு முடியலை. கண்ணாடி மாத்தியும் பாத்தேன்.

சின்னு எழுதின இடத்துல, கார்டு வேலை செய்யுதுன்னு காட்டுற கோடே வரலைன்னா கார்டு கெட்டது, தூரப் போடு. காலாவதி தேதியைப் பாத்து வாங்கு. கவரைப் பிரிச்ச உடனே பயன்படுத்தணும், ஈரக் காத்துல வச்சிருந்தா போச்சு. காலையில எழும்பின உடனே போற முதல் மூத்திரம்தான் நல்லது. ராத்திரி செம்பு செம்பா வெள்ளம் குடிச்சிட்டுப் பாத்தா நீர்த்துப் போயிருக்கும். எஸ்னு எழுதின குழியில 2, 3 சொட்டு போதும், கவர்ல எத்தனை போட்டிருக்கோ அத்தனை. முக்கி எடுக்கிற ஸ்ட்ரிப்னா அந்தக் குறிக்கு மேல முக்கக் கூடாது. டூத்பேஸ்ட்ல நுரை வந்தா ஆச்சு, உப்புல கட்டி பிடிச்சா ஆச்சுன்னு யூடியூப்ல காட்டுறதெல்லாம் வெறும் பொய். நான் டி.பார்ம் படிக்கும்போது சார் சொல்லுவார், 1930கள்ல தென்னாப்பிரிக்கத் தவளைக்குப் பெண்ணோட மூத்திரத்தை ஊசியில ஏத்தி, அது முட்டை போடுதான்னு பாத்துக் கண்டுபிடிச்சாங்களாம். அந்தத் தவளைக்கு இருந்த மதிப்புகூட டூத்பேஸ்டுக்கு இல்லை.

ரெண்டு நாள்னு ஏன் சொன்னேன்னா, கரு கர்ப்பப்பைச் சுவர்ல ஒட்டின பிறகுதான் எச்.சி.ஜி.ங்கிற ஹார்மோன் வருது. முட்டை வெளியானதுல இருந்து அதுக்கு ஒரு 6 நாள் முதல் 12 நாள் வரை ஆகும். ஆரம்பத்துல அது ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் ஏறத்தாழ இரட்டிக்கும். இன்னைக்கு மங்கல்னா, நல்லபடியா வளருதுன்னா ரெண்டு நாள்ல தெளியணும். சாதாரணக் கார்டு ஒரு மில்லி லிட்டருக்கு 25 மில்லி யூனிட் இருந்தாத்தான் பிடிக்கும். அதனால நாள் தள்ளிப்போகும் முன்னாடியே பாத்து, ஒரு கோடுதான்னு அழுறதுல அர்த்தம் இல்லை. நாள் தள்ளியும் ஒத்தைக் கோடுன்னா ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. அதுக்கும் வரலை, தீட்டும் வரலைன்னா டாக்டர்ட்ட போங்க. தைராய்டு இருக்கும், நீர்க்கட்டி இருக்கும், வேலைக் கவலையாலகூட தள்ளும். மருமகளுக்கு எத்தனை நாள் தீட்டுச் சுத்துன்னு நான் கேக்கக் கூடாது, நீயும் எழுதாதே.

தினமும் பாக்காதீங்க. அந்தப் பிள்ளையைத் தினமும் விடியக்காலம் பாத்ரூமுக்கு அனுப்பாதே. அவ போனாலும் நீ தடு.

நீங்க அங்க ஏதாச்சும் டாக்டரையும் பாக்கீங்களோ என்னவோ. பாக்கலாம், தப்பில்லை, எங்ககிட்ட சொல்லணும்னும் இல்லை. ஆனா முட்டை வெளியாகிறதுக்கு எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தா அந்த ஊசி மருந்தே 10, 14 நாள் வரைக்கும் கார்டுல கோடா காட்டும். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடி பாத்து ஏமாறக் கூடாது. காய்ச்சல் மாத்திரை, ஆன்டிபயாட்டிக் எல்லாம் கோட்டை மாத்தாது.

இனி நான் எழுத வந்தது. கார்டுக்குக் கர்ப்பம் உண்டா இல்லையான்னுதான் தெரியும். எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. நூத்துல ஒண்ணோ ரெண்டோ கரு, கர்ப்பப்பைக்குப் போகாம கருக்குழாயிலேயே ஒட்டிக்கிடும். அதுக்கும் கோடு வரும், மங்கலாவும் வரும். சின்ன அத்தைக்கு நடந்தது ஒனக்கு ஓர்மை இருக்காது, நீ தொட்டில்ல கிடந்தே. அவ போட்டோ எங்க மாட்டியிருக்குன்னு மட்டும் தெரியும். அவளுக்கும் நாள் தள்ளிப்போய், பிறகு லேசா ரத்தம் பட்டுது. தீட்டுதான்னு நெனச்சாச்சு. ஒரு பக்கமா வயிறு வலிச்சதுக்கு வாயுன்னு சுக்கு வெள்ளம். தோள்பட்டை குத்துதுன்னு சொன்னா. கிணத்துல வெள்ளம் கோரினதுல பிடிச்சிருக்கும்னு அம்மச்சி தைலம் தேய்ச்சா. உள்ளே கசியுற ரத்தம், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உள்ள உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோள்லதான் தெரியுமாம். அது நான் பிறகு படிச்சது. அந்தக் காலத்துல இஞ்ச கார்டும் இல்லை, பக்கத்துல ஸ்கேனும் இல்லை. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியும் அன்னைக்கு மெடிக்கல் காலேஜ் ஆகலை.

அதனால சொல்றேன். ஒரு பக்கமா அடிவயித்துல வலி, தலைசுத்து, மயக்கம், தோள் நுனியில குத்து, கூட ரத்தம் பட்டாலும் படாட்டாலும், ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. லீவு, சம்பளம், இன்ஷூரன்ஸ் ஒண்ணும் பாக்காதே. வலி இல்லை, ஆனா கோடு தெளியாம அப்படியே நிக்குன்னா, பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை ரெண்டு நாள் இடைவெளியில ரெண்டுதரம் பாக்கச் சொல்லு. எண் எப்படி ஏறுதுன்னு பாத்து டாக்டர் ஸ்கேனுக்குச் சொல்லுவாங்க. இதெல்லாம் ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சவன்தான் காலையில பாத்துக்கலாம்னு கிடந்து ஒறங்குவான்.

இன்னொண்ணும் நடந்திருக்கலாம். முதல்ல ரோஸ் கோடு வந்து, பிறகு வெறும் தீட்டு மாதிரி வந்து போயிருக்கலாம். கரு ஒட்டி, நிக்காம போறது. முன்காலத்துல இந்தக் கார்டு இல்லாததால பல பேருக்கு இது நடந்ததே தெரியாம, ஒரு வாரம் தள்ளி வந்துதுன்னு இருந்துட்டாங்க. பெரும்பாலும் கருவோட குரோமோசோம்ல உள்ள கோளாறுதான் காரணம். அவ மாடிப்படி ஏறினதாலயும் இல்லை, பப்பாளி தின்னதாலயும் இல்லை, பஸ்ல வேலைக்குப் போனதாலயும் இல்லை. அந்தப் பிள்ளை மனசுல அப்படி ஒண்ணு கிடந்தா எடுத்துப் போடு. அப்படிப் போன பிறகும் சில நாள், சிலருக்குச் சில வாரம்கூட கார்டுல கோடு வரும். அதைப் பாத்து மறுபடியும் ஆசைப்பட்டுரக் கூடாது.

அவளை நீ எப்படி வச்சிருக்கேன்னு அவ அம்மை இஞ்ச வந்து சொல்லிட்டுப் போனாங்க. அடுக்களையில ஒத்தையா விடமாட்டானாம், பாத்திரம் கழுவுவானாம். இஞ்ச இருக்கும்போது குடிச்ச தம்ளரைக்கூட நீ எடுத்து வச்சதில்லை, அது வேற. கேட்டப்போ கடையில நாலு பேர்ட்ட சொன்னேன்.

ஒரு வருஷம் பாத்தும் நிக்கலைன்னா டாக்டரைப் பாக்கணும்னு சொல்லுவாங்க, பெண்ணுக்கு 35 கழிஞ்சா 6 மாசத்துல. ஒங்களுக்கு அந்தக் காலம் ஆயாச்சு. போனா முதல்ல நீ ஒனக்கு உள்ள விந்துப் பரிசோதனையைப் பண்ணு. ஆணுக்கு அது லேசு, ஊசி இல்லை, வலி இல்லை. பொம்பளையை ஊர் ஊரா டாக்டர்ட்ட காட்டின பிறகுதான் இந்த ஜில்லாவுல மாப்பிளை எழும்பி வருவான். எத்தனை சீட்டு பாத்திருக்கேன் நான். நீ அப்படி ஆகாதே. போலிக் ஆசிட் அவ இப்பவே தினமும் சாப்பிடலாம், 400 மைக்ரோகிராம். கரு உண்டாகும் முன்னாடியே தொடங்குறதுதான் பலன். எவ்வளவு போடணும்னு அங்குள்ள டாக்டர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. பிரசவத்துக்கு இஞ்ச வந்தா கர்ப்பத்தை அரசாங்கத்துல பதியுற பிக்மி நம்பர் எடுக்கணும், நம்ம சுகாதார நர்ஸம்மாகிட்ட சொன்னா... செரி, அது இப்போ வேண்டாம்.

அம்மை ஞாயித்துக்கிழமை போன்ல "விசேஷம் ஒண்ணும் இல்லியா?"ன்னு கேக்கத்தான் செய்வா. அவளைத் திட்டி நிறுத்த முடியாது, நான் போனை வாங்கிக்கிடுறேன். நீ மழையைப் பத்திக் கேளு. எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை நல்லா இருக்கான்னு மட்டும் ஒரு வரி போட்டா போதும். அதுக்குமா ரெண்டு நீலக் குறி?

அப்பா

பின்குறிப்பு: ஒமான்ல அவசர நம்பர் 9999. ரெண்டு பேர் போன்லயும் போட்டு வை. தோள்பட்டைன்னு எழுதினேன்ல, அது தசைப்பிடிப்பு மாதிரி இருக்காதாம், படுத்தா கூடுமாம். தைலம் தேய்க்காதே. கூட்டிட்டுப் போ.