கார்புரேட்டரை மாற்றிவிடாதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நம் பத்மினி கார் அணைந்துவிடுகிறது, சோக்கைக் கொஞ்சம் இழுத்துவைத்தால் ஓடுகிறது என்றாய். புது கார்புரேட்டர் மாட்டிவிடலாம் என்று மைசூர் மெக்கானிக் சொன்னாராம். அவசரப்படாதே, கண்ணு. கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும். சோக்கை இழுத்தால் அந்தக் கலவையில் பெட்ரோல் கூடும். அதில் இஞ்சின் தேறுகிறதென்றால், ஒன்று பெட்ரோல் போதவில்லை, அல்லது வேண்டாத வழியில் காற்று நுழைகிறது.

முதலில் காற்றைப் பார். வண்டியை நிறுத்தி இஞ்சினை மட்டும் ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடியில் காற்று புகாமல் அடைக்கும் பேக்கிங்கைச் சுற்றித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடு. எங்கே விடும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

அது சரியாக இருந்தால் ஸ்லோ ஜெட்தான், நின்ற இடத்தில் இஞ்சின் ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை. ஓடும்போது நன்றாக இழுக்கிறது என்கிறாயே, அதனால் வேகத்தில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். ஒரு துரும்பு போதும். கழற்றி, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார். துளைக்குள் கம்பியை மட்டும் நுழைத்துவிடாதே. இருபத்தைந்து வயதில் நான் அப்படி விட்டுக் குத்தினேன். பித்தளை இளகிய உலோகம், துளை பெரிதாகிவிட்டது. புது ஜெட் வாங்கும்வரை வண்டி கரும்புகையாகவே கக்கியது. உன் அப்பாரு, அதான் என் அப்பா, ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவைத் தொடும் முன்பு, மறுபடி அதே இடத்தில் வைக்க வசதியாக, அது எத்தனை சுற்றில் முழுக்க இறுகுகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்.

துரும்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் ஜெட் மறுபடியும் அடைக்கும். வண்டி எட்டு மாதம் நம் கொட்டகையில் நின்றது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாயையும், வண்டியின் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் சவ்வான டயஃப்ரத்தையும் அது ஊறவைத்து உதிர்த்துவிடும். டேங்கைக் கழுவி, எத்தனாலைத் தாங்கும் குழாய் போடச் சொல்.

கார்புரேட்டரைத் திறந்த கையோடு, பெட்ரோலில் மிதந்து மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார். உள்ளே தளதளவென்று கேட்டால் ஓட்டை. அடுப்பிலிருந்து தள்ளி வைத்த வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். ஈயம் மிகக் குறைவாக வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஃப்ளோட் கனத்தால் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும்.

பண்ணாரிக்கு வந்துவிட்டு மைசூருக்குத் திரும்பும்போது திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஏற்றத்தில் பம்ப் சூடாகிப் பெட்ரோல் ஆவியானால் வண்டி நின்றுவிடும். அப்பாரு செய்ததுபோல ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் பொறு.

பேக்கிங் செட்டையும் ஒரு ஸ்லோ ஜெட்டையும் நாளைக் காலை மைசூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். டிரைவரின் போன் நம்பரைத் தனியாகச் சொல்கிறேன். பழைய கார்புரேட்டரை யாரிடமும் விட்டுவிட்டு வராதே.

அன்புடன்,
அப்பா
கோபிசெட்டிபாளையம்