தீர்ந்ததா என்று கேட்காமல் எங்கள் புகாரை மூடாதீர்கள்: இசைச் செயலி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வீட்டு ஒலிபெருக்கிகளையும் அவற்றை இயக்கும் செயலியையும் தயாரிக்கும் நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் செயலியைப் புதிய வடிவில் வெளியிட்டது முதல் இன்றுவரை நடந்தவை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை மறுபடி வரிசைப்படுத்தப் போவதில்லை. உங்கள் நிறுவனத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. ஊரறியத் தலைகுனிய வைப்பது என் நோக்கமன்று. என் தாயார் பெயரில் பதிவான புகார், மூன்றாவது முறையாகச் சென்ற வாரம் 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்போடு மூடப்பட்டது. அது தீரவில்லை. தீர்ந்ததா என்று அவரை எவரும் கேட்கவும் இல்லை. தனி மடலுக்குப் பதில் வராத நிலையில்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. பள்ளியில் பாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண் அழுத்த நோய் மெல்ல மெல்லப் பார்வையை எடுத்துக்கொண்டுவிட, இன்று அவருக்கு ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது. கைபேசியை அவர் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வழியாகத்தான் பயன்படுத்துகிறார். விரல் எதன் மீது படுகிறதோ அதன் பெயரை அது வாசித்துச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அது இயங்கும். 2021இல் உங்கள் ஒலிபெருக்கிகள் இரண்டை வாங்கி, ஒன்றை அவர் அறையிலும் மற்றதைக் கூடத்திலும் வைத்தேன். வானொலியிலிருந்தும் கோயில் கச்சேரிகளிலும் அவர் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வைத்திருந்த கேசட்டுகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ராகத்தின் பெயரையே இட்டு, வைஃபையில் இணைந்த ஹார்டு டிஸ்கில் சேர்த்து வைத்தேன். விரல் திரையில் நகர நகர, பூபாளம், பௌளி, மலயமாருதம் என்று கைபேசி சொல்லிக்கொண்டே வரும். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துப் போட்டுக் கேட்பார். யார் கையையும் எதிர்பார்க்காமல் அவரால் செய்ய முடிந்த சில காரியங்களில் அது ஒன்றாக இருந்தது.

உங்கள் புதிய பதிப்பு ஒரு நள்ளிரவில் தானாக இறங்கியது. மறுநாள் விடிகாலையில் அம்மா வழக்கமான இடத்தில் விரலை வைத்தபோது கைபேசி 'அன்லேபிள்ட், பட்டன்' என்றது. பக்கத்தில் இருந்ததும் 'அன்லேபிள்ட், பட்டன்'. அதற்கடுத்ததும் அதே. நானே பின்னால் எண்ணிப் பார்த்தேன்: பாட்டைத் தொடங்குவது, நிறுத்துவது, அடுத்ததற்குப் போவது, அறையைத் தேர்வது, தேடுவது ஆகிய ஐந்து பொத்தான்களுக்கும் பெயர் இல்லை. ராகத்தின் பெயர்களைக் காட்டிய பட்டியலே செயலியில் காணவில்லை. ஏதோ ஒன்றைத் தட்டியதில் பாட்டு தொடங்கியது. ஆனால் ஒலி குறைவாக இருந்ததால் கூட்டுவதற்கு விரலை நகர்த்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி நகர்த்தினார். சில நொடிகள் கழித்து இரண்டு கட்டளைகளும் சேர்ந்து போய்ச் சேர, இரு அறைகளிலும் ஒலி உச்சத்துக்குப் போனது. குறைக்கும் வழி தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே போய் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. நான்கு நாட்கள் அந்த பிளக் சுவரோரம் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தபோது என் கண்ணில் பட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எனக்குத்தாண்டா மறந்துபோச்சு. எது எங்கே இருக்குன்னு கைக்குத் தெரியலை. வயசாச்சு இல்லையா" என்றார்.

அலுவலர்களே, உங்கள் பட்டியலில் இது ஒரு சிறிய குறையாக இருக்கலாம். அம்மாவுக்கோ தம் நினைவே தவறத் தொடங்கிவிட்டது என்ற அச்சமாக இருந்தது. செயலிதான் மாறிவிட்டது, நீங்கள் எதையும் மறக்கவில்லை என்று அவரை நம்பவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த நாட்களுக்குத்தான் நான் உங்களிடம் பதில் கேட்கிறேன்.

முதல் புகாரைச் செயலிக்குள் இருந்த கருத்துப் பெட்டி வழியாக எழுதினேன். எங்கள் கருத்து உங்களுக்கு மதிப்புமிக்கது என்று ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. இரண்டு நாளில் புகார் மூடப்பட்டது. இரண்டாம் முறை, செயலியை நீக்கி மறுபடி நிறுவுங்கள், ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். பொத்தானுக்குப் பெயர் இல்லாததற்கும் ரௌட்டருக்கும் என்ன தொடர்பு என்று தெரியாமலேயே, அவர்கள் சொன்னதை எல்லாம் செய்து, விளைவைப் படம்பிடித்து அனுப்பினேன். அதுவும் மூடப்பட்டது. மூன்றாம் முறை, இது ஏற்கெனவே அறிந்த குறை, உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற பதிலோடு மூடப்பட்டது. அனுப்பப்பட்டது என்பதும் தீர்க்கப்பட்டது என்பதும் உங்கள் அலுவலகத்தில் ஒன்றாகவே கணக்கிடப்படுகின்றன என்று இதிலிருந்து எனக்குப் புரிகிறது. பிறகு அம்மாவின் மின்னஞ்சலுக்கு, எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று ஒரு படிவம் வந்தது. அதில் இருந்த பத்துக் கட்டங்களுக்கும் பெயர் இல்லை. டாக்பேக்கால் அவற்றை வாசிக்க முடியவில்லை. அவர் மதிப்பெண் தரவில்லை. உங்கள் சராசரியில் அவர் இடம்பெறவே மாட்டார்.

நான் ஒரு வங்கி ஊழியன். புகார் என்றால் என்ன, அதை எப்படிக் கையாள வேண்டும் என்பது எங்கள் அன்றாட வேலை. எங்களிடமும் தவறுகள் நடக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் ரிசர்வ் வங்கி எங்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. பெரிய வங்கிகளில், ஒரு வாடிக்கையாளரின் புகாரை முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்க முடியாது என்று நாங்கள் முடிவெடுத்தால், அந்த முடிவு அவருக்குப் போகும் முன், வங்கிக்குள்ளேயே இதற்கென்று இருக்கும் உள் குறைதீர்ப்பாளர் அதைப் பார்த்தாக வேண்டும். 30 நாட்களுக்குள் நாங்கள் பதில் சொல்லாவிட்டாலோ, எங்கள் பதிலில் அவருக்குத் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்கீழ் அவர் வெளியே போய் முறையிடலாம். ஒரு புகாரைக் கையாண்டவரே அது முடிந்துவிட்டது என்று தனியாக முடிவு செய்துவிடக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. உங்களிடம் நான் கேட்பதும் இதைத்தான்: புகார் கொடுத்தவர் தீர்ந்தது என்று சொல்லும்வரை புகாரை மூடாதீர்கள்.

வாடிக்கையாளர் கருத்துகளை எண்ணிக்கையால் வரிசைப்படுத்துகிறீர்கள் என்று உங்கள் பதில் ஒன்றில் இருந்தது. எந்தக் குறைக்கு அதிகம் பேர் வாக்களிக்கிறார்களோ அது முதலில் கவனிக்கப்படும் என்றும் இருந்தது. நிறத்தைப் பற்றியும் எழுத்தின் அளவைப் பற்றியும் ஆயிரம் பேர் வாக்களிக்கலாம். பார்வையற்றவர்கள் எந்த வாக்கெடுப்பிலும் அந்த எண்ணிக்கையைத் தொடப் போவதில்லை. வாக்களிக்கும் பக்கமே அவர்களுக்குத் திறக்காமல் இருக்கும்போது எப்படித் தொடுவார்கள்? பயன்பாட்டுக் கணக்கும் இப்படித்தான். அம்மா அந்தப் பொத்தானை அழுத்தவில்லை என்று உங்கள் கணக்கு சொல்லும். அழுத்த முடியவில்லை என்பதை அது சொல்லாது. நாலரை மணிக்குத் தினமும் பாட்டுக் கேட்ட ஒருவர் ஒரே நாளில் அடியோடு நிறுத்திவிட்டார் என்பது உங்கள் பதிவுகளில் கட்டாயம் இருந்திருக்கும். அதைப் பார்த்து ஏன் என்று கேட்க ஒருவர்கூட இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இந்த வழியில் நடந்தால் எங்கே போய் நிற்க நேரிடும் என்பது உங்கள் துறைக்குத் தெரியாதது அன்று. அமெரிக்காவின் சோனோஸ் நிறுவனம் 2024 மே 7 அன்று தன் செயலியை அடியோடு மாற்றி வெளியிட்டது. அலாரம், தூக்க நேரக் கட்டுப்பாடு, பாட்டு வரிசையைத் திருத்துவது, வீட்டில் சேமித்து வைத்த பாடல்களில் தேடுவது என்று மக்கள் அன்றாடம் பயன்படுத்திய பல வசதிகள் அதில் இல்லை. திரைவாசிப்பானை நம்பியிருந்த பார்வையற்ற பயனர்கள் தங்கள் வீட்டு ஒலிபெருக்கியையே இயக்க முடியாமல் தவித்தார்கள். வெளியான வாரத்திலேயே புகார்கள் குவிந்தன. அடிப்படைப் பொருளை மறுபடி கட்டத் துணிவு வேண்டும் என்றுதான் முதலில் அங்கிருந்து விடை வந்தது. தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பொதுவில் மன்னிப்புக் கேட்டது ஜூலை 25இல். ஆகஸ்டில், பழைய செயலியையே திரும்பக் கொண்டுவர ஆலோசித்ததாகவும், அப்படிச் செய்தால் சிக்கல் இன்னும் மோசமாகும் என்று தெரியவந்ததாகவும் அவரே சொன்னார். திருத்தும் செலவு 2 கோடி முதல் 3 கோடி டாலர் வரை ஆகும் என்று நிறுவனம் மதிப்பிட்டது; வெளிவரவிருந்த இரண்டு தயாரிப்புகள் தள்ளிப்போயின. 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

அந்த நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட உறுதிமொழிகளைத் தயவுசெய்து எடுத்துப் படியுங்கள். வெளியிடும் முன் சோதனையைக் கடுமையாக்குவது, பெரிய மாற்றங்களைப் படிப்படியாகக் கொண்டுவருவது, ஊழியர்கள் தரம் பற்றிய கவலைகளைத் தலைமைக்கு எடுத்துச் சொல்லத் தனி அலுவலர் ஒருவரை அமர்த்துவது, வாடிக்கையாளர் ஆலோசனைக் குழு அமைப்பது என்று அதில் எழுதினார்கள். இவற்றில் ஒன்றுகூட மே மாதத்துக்கு முன் செய்ய முடியாத காரியம் அன்று. அவர்கள் ஐந்து மாத அலைச்சலுக்குப் பிறகு கற்றுக்கொண்டதை, அடுத்த வீட்டில் இருந்தபடியே பார்த்த நீங்கள் செலவில்லாமல் கற்றுக்கொண்டிருக்கலாம். அந்தப் பாடம் கண்முன் இருந்தும் அதே தவறை நீங்கள் செய்தீர்கள் என்பதை என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு வானொலிப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினால், அதன் குமிழ்கள் அது பழுதாகும்வரை அதே இடத்தில் இருந்தன. அம்மாவின் பழைய டேப் ரெக்கார்டரின் பொத்தான்களை அவர் இன்றும் தொட்டே சொல்லிவிடுவார். இன்று முழு விலை கொடுத்து வாங்கிய பொருளின் குமிழ்களை, நாங்கள் தூங்கும் நேரத்தில், எங்கள் அனுமதி இல்லாமல், எங்கோ இருக்கும் ஒருவர் இடம் மாற்றிவிடுகிறார். கேட்டால், அனுபவத்தை மேம்படுத்தியிருக்கிறோம் என்கிறார். யாருடைய அனுபவம் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுக்கு மட்டுமின்றித் தனியார் சேவை நிறுவனங்களுக்கும் அணுகல் வசதிக் கடமையை விதிக்கிறது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கில், மின்னணு வசதிகளை எட்டிப் பயன்படுத்தும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொன்னது. வழக்கு எங்கள் வங்கித் துறையின் நடைமுறையைப் பற்றியது. ஆனால் ஒரு பொத்தானுக்குப் பெயர் எழுத மறந்தவர் எவராக இருந்தாலும் அந்தத் தீர்ப்பைப் படிப்பது நல்லது.

நான் வழக்குப் போட இதை எழுதவில்லை. கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோளுக்கே வருகிறேன். பொத்தானுக்குப் பெயர் கொடுப்பது நிரலில் ஒரே ஒரு வரி என்று இத்துறையில் இருக்கும் என் நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த ஐந்து வரிகளை எழுதுங்கள். ஹார்டு டிஸ்கில் உள்ள பாடல்களின் பட்டியலைத் திரும்பத் தாருங்கள். அது வரும்வரை பழைய பதிப்பை வைத்துக்கொள்ள விரும்புவோரை வைத்துக்கொள்ள விடுங்கள். அடுத்த பதிப்பை வெளியிடும் முன், டாக்பேக்கும் ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரும் நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் சிலரிடம், உரிய ஊதியம் கொடுத்து, அதைக் கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, புகார் கொடுத்தவர் தீர்ந்தது என்று தம் வாயால் சொல்லாமல் எந்தப் புகாரையும் மூடாதீர்கள்.

அம்மாவின் புகார் எண் உங்களிடம் இருக்கிறது. அதைத் தயவுகூர்ந்து மீண்டும் திறக்க வேண்டும். குறையைச் சரிசெய்த பிறகு, தமிழ் பேசும் உங்கள் அலுவலர் ஒருவரை அவரிடமே நேரடியாகப் பேசச் சொல்லுங்கள், என்னிடம் வேண்டாம். மாலை நாலு மணிக்கு மேல் அழைத்தால் அவர் எடுப்பார். பிளக்கை நான் மறுபடி மாட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
திருச்சி.